“கட்டின்னு சொல்லியே கூட்டிட்டுப் போகலாமா?”

புற்றுநோயோடு வாழ்பவர்களும் அவர்கள் வீட்டாரும் மனச்சுமை பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். பதில் தருவது ஒரு மனநல மருத்துவர், ஒரு உளவியல் ஆலோசகர், ஒரு மருத்துவ சமூகப் பணியாளர் கொண்ட குழு.

அப்பாவுக்கு 66 வயது. இரைப்பையில் கேன்சர் என்று பயாப்ஸியில் வந்துவிட்டது. “வயித்துல சின்னக் கட்டி, ஊசி போட்டா கரைஞ்சிடும்” என்று சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்த வாரம் முதல் கீமோ. தெரிந்தால் உடைந்துபோவார், சொல்லவே கூடாது என்கிறார் அண்ணன். டாக்டரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டோம். இது சரிதானா?
– மகள், திண்டுக்கல்

நோக்கத்தில் தப்பில்லை. ஆனால் இந்த ஏற்பாடு ரொம்ப நாள் தாங்காது. கீமோ போடும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர், “உங்களுக்கு எந்த எடத்துல கேன்சர்?” என்று சாதாரணமாகக் கேட்டுவிடுவார். ஆஸ்பத்திரிப் பலகையிலேயே எழுதியிருக்கும். மருந்துச் சீட்டில் இருக்கும் பெயரைப் பேரப்பிள்ளை போனில் தட்டிப் பார்த்துவிடும். நோயாளிகள் பலருக்கும் ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். பிள்ளைகள் சங்கடப்படுவார்களே என்று தெரியாததுபோல் இருப்பார்கள். அப்பா கொல்லைப்புறத்தில் அழ, மகள் அடுப்படியில் அழ, கூடத்தில் எல்லோரும் டிவி பார்ப்பதில்தான் இது போய் முடியும்.

சிகிச்சையும் கெடும். ‘சின்னக் கட்டி’ என்று நம்புகிறவர், இரண்டு கீமோ முடிந்து வாந்தியும் அசதியும் வந்ததும் “ஒரு கட்டிக்கு எதுக்குடா இவ்வளவு? போதும்” என்று நிறுத்திவிடுவார். காய்ச்சல் அடித்தால் வெளியே சொல்ல மாட்டார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தானே.

அதற்காக இன்றைக்கே போட்டு உடைக்க வேண்டாம். முதலில் அவருக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்: “டாக்டர் உங்ககிட்ட என்ன சொன்னாங்கப்பா? நீங்க என்னன்னு நினைக்கிறீங்க?” பதிலைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அடுத்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள்: “டெஸ்டு விவரமெல்லாம் உங்ககிட்டயே சொல்லச் சொல்லவா, இல்ல நாங்க கேட்டுக்கவா?” “நீங்களே பாத்துக்கங்கம்மா” என்றால் அதுவும் அவருடைய உரிமைதான். அங்கேயே நிறுத்திக்கொண்டு, “எப்ப கேட்கணும்னு தோணினாலும் கேளுங்கப்பா” என்று கதவைத் திறந்து வையுங்கள்.

தெரிய வேண்டும் என்றால், நேராக அந்தப் பெயருக்குப் போகாமல் ஒரு படி இறங்கி நில்லுங்கள்: “நாம நினைச்சதைவிடக் கொஞ்சம் பெரிய பிரச்னையா வந்திருக்குப்பா.” ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு ஒரே வாக்கியம்: “அது கேன்சர் கட்டி.” அதற்குப் பிறகு பேசாதீர்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுவார்கள். மௌனம் தாங்காமல் ஸ்டேஜ், சதவீதம், யாருக்கோ குணமான கதை என்று கொட்டிவிடுவார்கள். அவர் அழட்டும், கோபப்படட்டும், சும்மா உட்கார்ந்திருக்கட்டும். அவராகக் கேட்டதற்கு மட்டும் பதில். “எவ்வளவு நாள்?” என்று கேட்டால் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டாம். “அதை டாக்டர்கிட்ட ரெண்டு பேருமா போய்க் கேட்கலாம்” என்றால் போதும். கடைசியில் அடுத்து நடக்கப்போவதைச் சொல்லுங்கள்: எந்தக் கிழமை கீமோ, யார் கூட வருவது, எத்தனை மணிக்குக் கிளம்புவது.

இதைக் காலை வேளையில் பேசுங்கள். ராத்திரி வேண்டாம், கீமோவுக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். கூட்டம் கூடாது, நீங்களும் அண்ணனும் போதும். அதற்கு முன்பே டாக்டரிடம் “நாங்க போட்ட தடையை எடுத்துட்டோம், அப்பா கேட்டா சொல்லுங்க” என்று தெரியப்படுத்திவிடுங்கள். எந்த நாளானாலும் ஒரு விஷயம்: “எனக்குக் கேன்சரா?” என்று அவரே நேராகக் கேட்ட பிறகு “இல்லப்பா” என்று சொல்லாதீர்கள். அந்தப் பொய் வெளிப்பட்டால், நாளைக்கு நீங்கள் சொல்லும் நல்ல செய்தியையும் நம்ப மாட்டார்.

கணவருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு முறை கீமோ, கூடவே ஐந்து நாள் மாத்திரை. அந்த ஐந்து நாளும் ராத்திரி தூக்கமே இல்லை, எல்லோர் மீதும் எரிந்து விழுகிறார். ஆறாம் நாளிலிருந்து சுருண்டு படுத்துக் கண் கலங்குகிறார். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார் மாமியார்.
– வாசகி, மன்னார்குடி

கயிறு கட்டுவது அத்தையின் ஆறுதலுக்கு என்றால் கட்டட்டும். காரணம் அந்த ஐந்து நாள் மாத்திரையில் இருக்கிறது. லிம்போமா சிகிச்சையில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை வழக்கமாக ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம் அளவில் ஐந்து நாள் கொடுப்பார்கள். அது தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கூட்டும், பசியைக் கிளப்பும். சட்டென்று நிறுத்தும்போது மனசும் உடம்பும் தொப்பென்று விழும். வேறு கீமோக்களில் வாந்திக்காகத் தரும் டெக்ஸாமெத்தசோனும் இதே வேலையைச் செய்யும்.

மாத்திரை முழுவதையும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு வேளையாகப் பிரித்துத் தந்திருந்தால், இரண்டாவதை மதியம் இரண்டு மணிக்குள் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பலர் இரவுச் சாப்பாட்டோடு விழுங்கிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது, அது கீமோவின் ஒரு பகுதி. சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை எகிறும், அதுவும் எரிச்சலைக் கூட்டும்.

ஒரு நோட்டில் நாள் 1 முதல் 21 வரை கோடு போட்டு, தூக்கம் எத்தனை மணி நேரம், மனநிலை எப்படி என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு சுற்று எழுதினாலே எந்த நாளில் விழுகிறார் என்பது தெரிந்துவிடும். “நாளைக்கும் மறுநாளும் இப்படித்தான் இருக்கும், வியாழக்கிழமைக்குச் சரியாயிடும்” என்று அவரிடமே சொல்ல முடியும். பணம், சொத்து, சண்டை எதையும் அந்த நாட்களில் எடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உட்கார முடியாமல், கால்களை ஆட்டிக்கொண்டு, எழுந்து எழுந்து நடந்தால் அது பதற்றமாக இல்லாமல் இருக்கலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு சிலருக்கு இப்படிச் செய்யும். வேறு மருந்து மாற்றினால் அடங்கிவிடும். இரண்டு இரவு சேர்ந்தாற்போல் கண் மூடாமல் இருந்தால், இல்லாத குரல் கேட்டால், வீட்டாரையே சந்தேகப்பட்டால் அடுத்த கீமோ வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

எனக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. நோய் திரும்பாமல் இருக்கத் தரும் தமாக்ஸிபென் மாத்திரை சாப்பிடுகிறேன். சிகிச்சை நடக்கும்போது அழவே இல்லை. இப்போதுதான் எதற்கெடுத்தாலும் அழுகை. “எல்லாம் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன?” என்கிறார்கள்.
– வாசகி, சேலம்

சிகிச்சை முடிந்த பிறகு சரிவது மிகச் சாதாரணம். அதுவரை தேதி, டெஸ்டு, பஸ் என்று ஓட்டம். நர்ஸ், டாக்டர் என்று வாரா வாரம் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இனி மூணு மாசம் கழிச்சு வாங்க” என்று சொன்ன அன்றுதான் பயத்துக்கு நேரம் கிடைக்கிறது.

எவ்வளவு பாரம் என்று அளக்க ஒரு எளிய வழி: 0 முதல் 10 வரை ஒரு கோடு. 0 என்றால் மனசில் பாரமே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியவில்லை. கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஒரு எண்ணைச் சொல்லுங்கள். உலகம் முழுக்கப் பல புற்றுநோய் மையங்களில் இப்படித்தான் கேட்கிறார்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது.

சோகமா, மனச்சோர்வு நோயா என்று பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பசியின்மை, அசதி, தூக்கமின்மை எல்லாம் சிகிச்சையாலும் வரும். ஆகவே அவற்றை வைத்து முடிவு கட்டாமல் வேறு சிலவற்றைப் பாருங்கள். பிடித்த விஷயத்தில்கூட நாட்டம் போய்விட்டதா? நான் எல்லோருக்கும் பாரம், நான் எதற்கும் லாயக்கில்லை என்று ஓடுகிறதா? நாளின் பெரும்பகுதி இப்படி, இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா? ஆமாம் என்றால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கக்கூடும், மனநல மருத்துவரைப் பாருங்கள்.

அதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். கழுத்துப் பக்கம் கரண்ட் வைத்தவர்களுக்குச் சில மாதமோ சில வருடமோ கழித்துத் தைராய்டு குறையலாம். அசதி, மந்தம், அழுகை என்று அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும், மாத்திரையில் சரியாகிவிடும். தமாக்ஸிபெனால் ராத்திரியில் குப்பென்று சூடு கிளம்பி வியர்ப்பதும் தூக்கத்தைக் குலைக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: மனச்சோர்வுக்கு மருந்து எழுதும் எந்த டாக்டரிடமும் “நான் தமாக்ஸிபென் சாப்பிடுறேன்” என்று முதலில் சொல்லுங்கள். பராக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் இரண்டும், ஈரலில் தமாக்ஸிபெனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியைத் தடுத்துவிடும். வென்லஃபாக்ஸின் போன்றவற்றில் அந்தத் தொல்லை குறைவு, அது உடம்புச் சூட்டையும் ஓரளவு தணிக்கும். எதுவானாலும் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். பத்து நாளில் “வேலை செய்யலை” என்று விடுவதும், சரியானதும் சட்டென்று நிறுத்துவதும்தான் அடிக்கடி நடக்கும் தப்பு.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மறைக்காதீர்கள். வீட்டாரும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவுக்குத் தட்டு, டம்ளர் தனி. குழந்தைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. இது தேவையா?
– வாசகர், நாகர்கோவில்

தேவையில்லை. புற்றுநோய் தொட்டாலோ, சேர்ந்து சாப்பிட்டாலோ, முத்தம் கொடுத்தாலோ ஒட்டாது. வெளியிலிருந்து கரண்ட் வைத்தவர் உடம்பில் கதிர்வீச்சு தங்காது. தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் மட்டும் ஆஸ்பத்திரியில் சொல்லும் நாட்கள் வரை குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளியிருக்க வேண்டும். கீமோ போட்ட 48 மணி நேரம் அவர் வாந்தி, சிறுநீரைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

காப்பாற்ற வேண்டியது உண்மையில் அம்மாவைத்தான், உங்களிடமிருந்து. பல கீமோக்களில் 7 முதல் 14 நாளுக்குள் நோய்க்கிருமியை எதிர்க்கும் ரத்த வெள்ளணு இறங்கும். சளி, அம்மை, வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் அப்போது பக்கத்தில் போகக் கூடாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே, நள்ளிரவானாலும், ஆஸ்பத்திரி.

கீமோ தொடங்கப்போகிறேன். 4 வயதில் மகன், 9 வயதில் மகள். என்ன சொல்வது? ஊருக்கு அனுப்பிவிடலாமா?
– வாசகி, திருப்பூர்

காரணம் சொல்லாமல் அனுப்பினால் பிள்ளைகள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்விகள் மூன்று: என்னாலதான் வந்துச்சா? எனக்கும் வருமா? என்னை யார் பாத்துப்பாங்க? அவர்கள் கேட்காவிட்டாலும் மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுங்கள். குறிப்பாக முதலாவது. “அன்னைக்கு அம்மாகிட்ட கோவமா கத்தினேன், அதனாலதான்” என்று ஒரு ஒன்பது வயது மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும்.

நான்கு வயதுக்கு இரண்டு வாக்கியம் போதும்: “அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. மருந்து ஊசி போடுறப்ப முடி கொட்டும், அப்புறம் முளைக்கும்.” ஒன்பது வயதுக்கு நோயின் பெயரையே சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பள்ளி வேனில் வேறு யாராவது சொல்வார்கள், சினிமாவில் பார்த்ததையும் சேர்த்து. வகுப்பு ஆசிரியைக்கும் தெரிவியுங்கள்.

முடி பொதுவாக முதல் கீமோ முடிந்து இரண்டு, மூன்று வாரத்தில் கொட்டத் தொடங்கும். அதற்கு முன்பே குட்டையாக வெட்டிக்கொண்டு, ஸ்கார்ஃப் எந்த நிறம் என்று மகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். காலையில் யார் ஜடை போடுவது, யார் டிபன் கட்டுவது என்று ஒரு தாளில் எழுதி பிரிட்ஜில் ஒட்டுங்கள். ஆறுதல் வார்த்தையைவிட அந்தத் தாள் பிள்ளைகளுக்குத் தெம்பு தரும். “அம்மா செத்துப்போயிடுவியா?” என்று கேட்டால், “சரியாகணும்னுதான் டாக்டரும் அம்மாவும் இவ்வளவு செய்யுறோம். ஏதாவது மாறினா உங்கிட்ட சொல்லுவேன்” என்பது பொய்யில்லாத பதில். சத்தியம் செய்து கொடுக்காதீர்கள்.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன், வயது 49. வாய்ப் புற்றுநோய்க்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கம் எடுத்து, கரண்டும் வைத்து மூன்று மாதம் ஆகிறது. பேசினால் எச்சில் வழிகிறது, வாய் சரியாகத் திறப்பதில்லை. கல்லாவில் பையனை உட்கார வைத்துவிட்டு உள்ளேயே இருக்கிறேன். பாக்கு போட்டு நானே வரவழைத்துக்கொண்டேன் என்ற எண்ணம் வேறு.
– வாசகர், விருதுநகர்

முதலில் வாய். மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 35 மில்லிமீட்டருக்குக் குறைவாகத் திறந்தால் பயிற்சி வேண்டும். மூன்று விரல் செங்குத்தாக நுழைகிறதா என்று பார்ப்பது வீட்டுக் கணக்கு. எலும்பு கூடிவிட்டதா என்று அறுவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தட்டையான ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, இழுக்கிற உணர்வு வரும் அளவில் அரை நிமிடம். ஐந்து முறை இப்படிச் செய்தால் ஒரு வேளை, ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை. பழகப் பழக ஒரு குச்சி கூட்டுங்கள். சுளீரென்று வலித்தால் ஒரு குச்சி எடுத்துவிடுங்கள். கரண்ட் வைத்த தசை மாதக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும் என்பதால், கொஞ்சம் திறந்ததும் விட்டுவிட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். குச்சி எத்தனை என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். வாய் திறந்தால் சாப்பாடும் பேச்சும் தேறும், கூடவே மனசும்.

எச்சிலுக்கு: பேசத் தொடங்குமுன் ஒரு முறை விழுங்குங்கள், தாடையைச் சற்று நிமிர்த்துங்கள், வாக்கியத்தைச் சின்னதாக வெட்டுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பேச்சுப் பயிற்சியாளர் இருப்பார், கேட்டு வாங்குங்கள். தானாக அனுப்புவார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

கல்லாவுக்கு ஒரே நாளில் திரும்ப வேண்டாம். முதல் வாரம் மதியம், ஆளில்லாத நேரம், அரை மணி. பழகின வாடிக்கையாளர் ரெண்டு பேர் போதும். அடுத்த வாரம் மாலையில் அரை மணி. சங்கடம் உச்சத்துக்கு ஏறும்போதே எழுந்து உள்ளே போனால் பயம் வளரும். கொஞ்சம் இறங்கும் வரை உட்கார்ந்திருந்து பிறகு எழுந்திருங்கள். “என்னண்ணே ஆச்சு?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: “வாயில ஆபரேஷன், இப்ப பரவாயில்ல. உனக்கு என்ன வேணும்?” கடைசிக் கேள்விதான் பேச்சைச் சரக்குக்குத் திருப்பும். வீட்டில் நாலு முறை சொல்லிப் பழகுங்கள்.

குற்ற உணர்வைப் பொறுத்தவரை, பாக்கும் புகையிலையும் இந்த நோய்க்குக் காரணம் என்பது உண்மை. ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று யாராவது சமாதானம் சொன்னால் உங்களுக்கு ஒட்டாது. ஆனால் போதைப் பழக்கம் ஒரு நோய், அதைத் தெரிந்தே விலைக்கு வாங்கின குற்றமாக நினைக்க வேண்டாம். இன்னும் நாக்கு தேடுகிறது என்றால் 1800 11 2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். கடை முகப்பில் தொங்கும் பாக்குச் சரத்தையும் கழற்றுங்கள். வியாபாரம் கொஞ்சம் குறையும், கண்ணில் படுவதும் குறையும்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றதும் புகுந்த வீட்டில் என் நடத்தையைப் பற்றிப் பேசுகிறார்கள். கணவரும் விலகிப் படுக்கிறார்.
– பெயர் வேண்டாம்

அநியாயமான பேச்சு. இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் பெரும்பாலும் எச்பிவி என்ற வைரஸ். தாம்பத்திய உறவில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் எப்போதாவது அது வந்து, தானாகப் போயும்விடும். சிலரிடம் மட்டும் தங்கி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறும். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையிலும் சொல்ல முடியாது. வாழ்நாளில் ஒரே துணை உள்ளவருக்கும் வரும். அடுத்த செக்கப்புக்குக் கணவரைக் கூட்டிப்போய் இதை டாக்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

அவர் விலகுவது வெறுப்பால் என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டிக்கொள்ளுமோ, உங்களுக்கு வலிக்குமோ என்ற பயமாகவும் இருக்கும். கரண்ட் முடிந்த பிறகு யோனிக் குழாய் வறண்டு சுருங்கும். அதை விரிக்கும் டைலேட்டர் கருவியை எப்போது தொடங்குவது என்று மருத்துவமனையில் கேளுங்கள். சோதித்துப் பார்த்துவிட்டு, பொதுவாகச் சில வாரங்களில் தொடங்கச் சொல்வார்கள். தண்ணீர் சார்ந்த லூப்ரிகன்ட் ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஆணுறையைக் கிழிக்கும். உறவுக்குப் பின் ரத்தக்கசிவு தொடர்ந்தால் காட்டுங்கள்.

பார்க்க வருபவர்கள் “தைரியமா இரு, மனசு தெம்பா இருந்தா கேன்சர் ஓடிடும்” என்கிறார்கள். முள்சீத்தா இலையும் கொண்டு வருகிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

மனத்தெம்பு நாட்களைச் சுலபமாக்கும். கட்டியைக் கரைக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வதால், நோய் திரும்பினால் ‘நான் தைரியமா இல்லாததால்தான்’ என்ற பழியும் நோயாளி தலையில் விழுகிறது. அழுதால் நோய் கூடாது, அழலாம். இலை, கஷாயம் எதுவானாலும் கீமோ டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள், சில இலைகள் உடம்பில் கீமோ மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

வீட்டில் ஒருவரை மட்டும் தகவல் சொல்பவராக வையுங்கள். வாரம் ஒரு முறை சொந்தங்களின் வாட்ஸப் குழுவில் அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டால் முப்பது போன் மிச்சம். வருகைக்கு இருபது நிமிடம், கீமோ போட்ட வாரம் வேண்டாம். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பவரிடம் உடனே ஒரு வேலையைக் கொடுங்கள்: “செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டுறியா?”

பணக் கவலைதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. மனநல ஆலோசனையில் இதற்கு வழி உண்டா?
– வாசகர், தருமபுரி

உண்டு. ஆலோசகரைவிட மருத்துவ சமூகப் பணியாளரைக் கேளுங்கள், கீமோ தொடங்குமுன்பே. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆபரேஷன், கீமோ, கரண்ட் மூன்றும் அதில் அடங்கும். சிகிச்சை தொடங்கிப் பணம் கட்டிய பிறகு அட்டையைக் காட்டுவதுதான் பலர் செய்யும் பிழை, கட்டியதைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்களுக்குச் சாதாரண நோய்ப் படி வருடத்தில் 91 நாள், சம்பளத்தில் 70 சதவீதம். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் வேலையில் இருந்து சந்தாவும் போதிய நாள் கட்டியிருந்தால், அதன் பிறகு 80 சதவீதம் வரை இரண்டு வருடத்துக்கு நீட்டிப்பார்கள். இந்த விதி தெரியாமல் பலர் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்து கேட்கிறார்கள். எழுதிக் கொடுக்குமுன் விசாரியுங்கள்.

சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ ரயிலில் போனால் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் கட்டணம் முழுத் தள்ளுபடி, துணைக்கு வரும் ஒருவருக்கு 75 சதவீதம். இரண்டடுக்கு ஏசியில் இருவருக்கும் பாதி. ஆஸ்பத்திரியில் அதற்கென்று உள்ள படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, முன்பதிவு கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்றைக்கே அடுத்த வருகைக்கான படிவத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.